இரண்டாவது சிலிண்டர்

மண்ணூர்பேட்டை,
3-11-1973

அன்புள்ள மாமாவுக்கு, புஷ்பா எழுதிக்கொள்வது.

இங்கே நானும் அத்தையும் சுகம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று தெரியவில்லை. தெரிய வேண்டுமானால் நீங்கள் ஒரு வரியாவது எழுதியிருக்க வேண்டும். குண்டூர் கேம்பிலிருந்து உங்கள் மருந்தடிக்கிற விமானக் கம்பெனி அனுப்பிய ஸ்பார்க் ப்ளக் பெட்டி நேற்று எங்கள் ஷெட்டுக்கு வந்து சேர்ந்தது. மேலே அம்பத்தூர் எஸ்டேட் விலாசம் உங்கள் கையெழுத்தில் இருந்தது. உள்ளேயும் எனக்கு ஏதாவது காகிதம் இருக்கும் என்று வைக்கோலை எல்லாம் உதறிப் பார்த்தேன். வைக்கோல்தான் இருந்தது. பக்கத்து மேஜை ராஜம்மா, "இன்னா புஷ்பா, ப்ளக்கை தேடுறியா, புருசனை தேடுறியா" என்று கேட்டாள். நீங்கள் கழற்றி அனுப்புகிற ப்ளக்கை இங்கே உட்கார்ந்து சுத்தம் செய்கிறவள் உங்கள் பெண்டாட்டிதான் என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா இல்லையா.

சரி, அதை விடுங்கள். பெட்டியைக் கட்டிய லட்சணத்தைச் சொல்கிறேன். பலகையில் துளை போட்டு ப்ளக்கை நிற்க வைத்தது நல்ல காரியம். ஆனால் மேலே பிடிப்பு ஒன்றும் இல்லாததால், ஒரு ப்ளக் கழன்று பெட்டிக்குள் உருண்டுகொண்டிருந்தது. ரயிலில் எத்தனை முறை இடித்துக்கொண்டதோ. கீழே விழுந்த ப்ளக்கும் இடிபட்ட ப்ளக்கும் குப்பைக்குத்தான் போக வேண்டும். உள்ளே வெள்ளைப் பீங்கானில் கண்ணுக்குத் தெரியாமல் கீறல் விட்டிருக்கும், மேலே போனதும் பொறி வராது. இது உங்களுக்குத் தெரியாததா. நாகேந்திரன் முதலாளி அதைத் தூக்கிப் போட மனமில்லாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். நான்தான் வாங்கிச் சுத்தியால் தட்டி உடைத்தேன்.

அடுத்தது, பலகையில் ஒரு நம்பர்கூட இல்லை. ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு ப்ளக், கீழே ஒரு ப்ளக். எது எதிலிருந்து வந்தது என்று தெரிந்தால்தானே அதன் முகத்தைப் பார்த்து எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்று சொல்ல முடியும். கயிறு கட்டியிருந்த முனையை ஒன்றாம் சிலிண்டர் என்று நானாக வைத்துக்கொண்டேன். மற்றதெல்லாம் பரவாயில்லை. ஈயம் படிந்திருந்தது, சுரண்டி எடுத்து, மணல் அடித்து, இடைவெளி சரி செய்து வைத்துவிட்டேன். ஆனால் இரண்டாவது சிலிண்டரின் ப்ளக் இரண்டும் எண்ணெயில் முக்கி எடுத்தது போல் இருக்கின்றன. கீழ் ப்ளக்கில் கொஞ்சம் எண்ணெய் இறங்குவது சகஜம். மேல் ப்ளக்கிலும் எண்ணெய் என்றால் அது சகஜம் இல்லை. அந்தச் சிலிண்டரைக் கொஞ்சம் கவனியுங்கள்.

வீட்டில் சமையலறைக் கூரை மறுபடியும் ஒழுகுகிறது. கொரட்டூர் ஏரி நிரம்பி எஸ்டேட் ரோட்டில் முழங்கால் தண்ணீர். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன். ஆவடி குவார்ட்டர்ஸ் லோகநாதன் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தார். ஃபேக்டரியில் ஆள் எடுக்கிறார்களாம், இந்த மாதத்துக்குள் மனு போட வேண்டுமாம். நீங்கள் கிளம்பிய அன்று இதைச் சொன்னதற்குத்தான் சாப்பிடாமல் எழுந்து போனீர்கள். நான் சொல்லவில்லை, அவர் சொன்னதை எழுதுகிறேன். அத்தைக்கு இருமல் குறைந்திருக்கிறது.

பதில் போடவும்.

புஷ்பா.

*

மண்ணூர்பேட்டை,
11-11-1973

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கார்டு கிடைத்தது. பாதிக்கு மேல் காலியாக இருந்தது, அதில் நான் மளிகைக் கணக்கு எழுதிக்கொண்டேன். எழுதியிருந்த நாலு வரியை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். "எஞ்சின் விசிறியைக் கையால் சுற்றிப் பார்த்தேன், அமுக்கம் நன்றாக இருக்கிறது. பைலட்டும் எஞ்சின் நன்றாக ஓடுகிறது என்கிறார். பருத்தியில் புழு விழுந்திருக்கிறது, விமானத்தை நிறுத்த நேரம் இல்லை. ப்ளக்கைச் சீக்கிரம் அனுப்பவும்." இதைக் கேட்டதும் அத்தை, "இன்னாடி இது, ஊட்டுக்கு எயுதினானா, கடைக்கு எயுதினானா" என்று கேட்டார்கள்.

மாமா, கோபப்படாமல் படியுங்கள். பிஸ்டனில் அமுக்கம் பிடிக்கிற ரிங் வேறு, எண்ணெயை வழித்துக் கீழே தள்ளுகிற ரிங் வேறு. கையால் சுற்றினால் முதலாவது நன்றாக இருப்பது தெரியும். இரண்டாவது உடைந்திருந்தால் கைக்கு எப்படித் தெரியும். எஞ்சினைச் சூடாக்கி, ப்ளக்குக்குக் கரண்ட் கொடுக்கிற மேக்னெட்டோவை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்ப்பீர்களே, அப்போது வேகம் எவ்வளவு விழுகிறது என்று நீங்கள் எழுதவே இல்லை. குலுங்குகிறதா. குலுங்கினால் பைலட் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். கொஞ்ச நேரம் வேகமாக ஓட விட்டு, ப்ளக்கில் இருக்கிற எண்ணெயை எரித்துவிட்டு, இப்போது சரியாகிவிட்டது என்று ஏறிப் போய்விடுவார்.

இரண்டு மேக்னெட்டோ வைத்திருப்பதே ஒன்று கைவிட்டால் மற்றது காப்பாற்றும் என்றுதான். ஒரே சிலிண்டரில் மேலும் கீழும் ப்ளக் எண்ணெயில் முழுகினால் எந்த மேக்னெட்டோ வந்து காப்பாற்றும்? அதுவும் தொட்டி நிறைய மருந்தை ஏற்றிக்கொண்டு, மின்சாரக் கம்பிக்குக் கீழே புகுந்து போகிற விமானம்.

முதலாளியிடம் சொன்னேன். "நம்ம வேலை ப்ளக் சுத்தம் பண்ணிக் குடுக்கிறது. எஞ்சின் அவங்க பாடு" என்றார். நான் நகரவில்லை. அன்று சாயந்திரம் வரைக்கும் அவர் மேஜைக்கு எதிரிலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து ப்ளக் தேய்த்தேன். கடைசியில் தலையில் அடித்துக்கொண்டு, இரண்டாவது சிலிண்டரைத் திறந்து பார்க்கவும் என்று உங்கள் மேனேஜர் பேருக்கு டைப் அடித்துக் கையெழுத்துப் போட்டார். அது ப்ளக் பெட்டியோடு வருகிறது. உங்களுக்கு அதனால் சங்கடம் வரும் என்று தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

அத்தை என்னைத் திட்டுகிறார்கள். "அவன் மேலே போறவன் இல்லடி, கீயே நிக்கிறவன். உனுக்கு இன்னாத்துக்கு பயம்" என்கிறார்கள். மேலே போகிறவரும் ஒரு வீட்டுப் பிள்ளைதானே. பைலட் பார்த்தசாரதி சார் போன பொங்கலுக்கு நம் வீட்டுக்கு வந்தபோது, நாற்காலி இல்லை என்று நாம் பதறினதற்கு, தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து மீன் குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவர் பறக்கலாம் என்று காகிதத்தில் கையெழுத்துப் போடுவது நீங்கள். அந்தக் கையெழுத்துக்குத்தான் எனக்குப் பயம்.

பலகைக்கு இந்த முறை நானே நம்பர் எழுதி அனுப்பியிருக்கிறேன். மழையில் சாக்பீஸ் அழிந்தாலும் அழியும். அங்கே பெயிண்ட் இருந்தால் பெயிண்டால் எழுதிக்கொள்ளவும்.

வேளைக்குச் சாப்பிடவும்.

புஷ்பா.

*

மண்ணூர்பேட்டை,
21-11-1973

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மூன்றாவது முறை படிக்கத் தைரியம் இல்லை. இரண்டாவது சிலிண்டரைக் கழற்றினீர்கள், உள்ளே ஒரு கீறல்கூட இல்லை, ரிங் எல்லாம் புதிது போல் இருந்தது. இரண்டு நாள் மருந்தடிப்பு நின்றதில் நிலத்துக்காரர்கள் எல்லோரும் கேம்பில் வந்து நின்று கத்தினார்கள். மேனேஜர் அத்தனை பேருக்கும் முன்னால், "மெட்ராஸ்ல ஒரு பொம்பளை ப்ளக்கைப் பார்த்து ஜோசியம் சொல்லுது, இவர் இங்கே எஞ்சினைப் பிரிச்சுப் போடுறார்" என்றாராம். "உன்னால் எனக்குத் தலைகுனிவு" என்று எழுதியிருக்கிறீர்கள். எழுதுங்கள், எனக்கு வேண்டியதுதான்.

இங்கேயும் ஒன்றும் குறைவில்லை. உங்கள் கம்பெனியின் மெட்ராஸ் ஆபீசிலிருந்து ஒருவர் வந்து முதலாளியைப் பிடித்து உலுக்கிவிட்டுப் போனார். முதலாளி என்னோடு பேசுவதில்லை, எதுவானாலும் ராஜம்மாவிடம் சொல்லி அனுப்புகிறார். அத்தை மட்டும் திட்டாமல் சோறு போட்டார்கள். அதுதான் தாங்கவில்லை.

ஆனால் இந்தக் கடிதத்தை அதற்காக எழுதவில்லை. இன்று காலையில் உங்கள் அடுத்த பெட்டி வந்தது. என் சாக்பீஸ் நம்பர் அழிந்துபோய், பலகையில் சிவப்புப் பெயிண்டில் ஒன்றிலிருந்து ஆறு வரை புதிதாக எழுதியிருக்கிறது, கயிறு கட்டிய முனையில் ஆறு. கோபத்தில் எழுதச் சொன்னீர்கள் போலிருக்கிறது, ஒவ்வொரு நம்பரும் பூசணிக்காய் அளவுக்கு இருக்கிறது. இரண்டாம் நம்பர் ப்ளக் இரண்டும் செங்கல் மாதிரி காய்ந்து கிடக்கின்றன. ஐந்தாம் நம்பர் ப்ளக் இரண்டிலும் எண்ணெய் சொட்டுகிறது.

அந்தப் பலகையை அப்படியே தலைமாட்டைக் கால்மாடாகத் திருப்பி வைத்துப் பார்த்தேன். ஐந்து இருந்த இடத்துக்கு இரண்டு வந்தது. மாமா, முதல் முறை நான் கயிறு கட்டின முனையை ஒன்று என்று வைத்துக்கொண்டேனே, அது ஆறு. நான் இரண்டு என்று எழுதியது ஐந்து. ஊகித்தது என் தப்பு. ஆனால் என் தப்பு மட்டும்தானா. இரண்டாவது சிலிண்டரைக் கழற்றும்போதே அதன் ப்ளக் காய்ந்துதான் இருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். காய்ந்திருப்பதைப் பார்த்த கை, மற்றதையும் ஒரு முறை கழற்றிப் பார்த்திருக்கக் கூடாதா. இரண்டு விமானத்துக்கு நீங்கள் ஒருவர்தான் மெக்கானிக், அதனால் ப்ளக்கை ஹெல்பர் கழற்றுகிறான், ஹெல்பர் கட்டுகிறான், ஹெல்பர் பெயிண்ட் அடிக்கிறான். நீங்கள் எப்போதுதான் அதைப் பார்ப்பது. எண்ணெய் வழிகிற ப்ளக் அங்கே ஒருவர் கண்ணிலும் படாமல், ரயிலேறி அம்பத்தூர் வந்து என் கண்ணில் பட வேண்டுமா.

முதலாளியிடம் போய் நின்றேன். பலகையைத் திருப்பிக் காட்டினேன். அவர் விரலை வைத்து நம்பரை எண்ணிப் பார்த்தார். பிறகு அவரே குடையை எடுத்துக்கொண்டு என்னோடு அம்பத்தூர் தபாலாபீசுக்கு வந்தார். ஆங்கிலத்தில் தந்தி எழுதிக் கொடுத்தார். இரண்டு இல்லை, ஐந்து, பறக்க விட வேண்டாம் என்று. தந்தி வாங்கிக்கொண்டவர் மூன்று தடவை எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா சார், குதிரை ரேஸா" என்று கேட்டார்.

தந்தி இந்தக் கடிதத்துக்கு முன்பே வந்திருக்கும். அதைப் படித்ததும் உங்களுக்கு என்மேல் என்ன தோன்றியிருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு முறை என் பேச்சைக் கேட்டு ஊர் சிரித்தது. மறுபடியும் அதே பேச்சைத் தூக்கிக்கொண்டு அதே ஆட்களுக்கு முன்னால் போய் நில் என்று கேட்கிறேன். என்னை நம்ப வேண்டாம். ஸ்பானரை எடுத்து ஐந்தாவது சிலிண்டரின் மேல் ப்ளக் ஒன்றை மட்டும் உங்கள் கையால் கழற்றிப் பாருங்கள். காய்ந்திருந்தால் ஜென்மத்துக்கும் உங்கள் வேலையில் வாய் திறக்க மாட்டேன்.

ஆவடி மனுவைப் பற்றி இப்போது பேசவில்லை.

புஷ்பா.

*

மண்ணூர்பேட்டை,
5-12-1973

அன்புள்ள மாமாவுக்கு,

இந்தக் கடிதத்தைக் குண்டூருக்கு அனுப்பவில்லை, விஜயவாடா லாரி ஷெட்டுக்கு அனுப்புகிறேன். அந்த விலாசம் உங்கள் மூலமாக எனக்கு வரவில்லை என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வேலை போய்விட்ட விஷயம் பத்து நாளாக எனக்குத் தெரியாது. தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவளிடம் பைலட் வந்து சொல்ல வேண்டியிருந்தது. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கையில் குடத்தோடு நின்று கேட்டேன்.

பார்த்தசாரதி சாரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தோம். இந்த முறை பக்கத்து வீட்டில் நாற்காலி வாங்கி வைத்திருந்தேன், அவர் அதில் உட்காரவில்லை. நடந்ததை எல்லாம் அவரே சொன்னார். காலையில் தொட்டியில் மருந்து நிரப்பி, அவர் ஏறி உட்கார்ந்து பட்டையைக் கட்டிக்கொண்ட பிறகுதான் தந்தி உங்கள் கைக்கு வந்ததாம். நீங்கள் விசிறிக்கு முன்னால் போய்க் குறுக்கே நின்றீர்களாம். மேனேஜர் ஓடிவந்து, "மறுபடியும் உன் பெண்டாட்டியா" என்று கேட்டாராம். அதற்கு நீங்கள் சொன்னதை பைலட் உங்கள் குரலிலேயே சொல்லிக் காட்டினார். "ஆமா சார், என் பொண்டாட்டிதான். ரெண்டுன்னு சொன்னது தப்பா பூட்ச்சி. அஞ்சுன்னு சொல்லுது. பாக்காம நான் கையெழுத்து போட மாட்டேன்."

இதைக் கேட்டதும் அத்தை எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்கள். அங்கே அடுப்பு எரியவே இல்லை.

"எனக்கும் அன்னிக்கு அவர் மேல கோபம்தான்மா. எஞ்சினை அணைக்கச் சொன்னதும் திட்டிக்கிட்டேதான் இறங்கினேன்" என்றார் பைலட். நீங்கள் ஐந்தாவது சிலிண்டரின் மேல் ப்ளக்கைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தீர்களாம். சூட்டோடு எண்ணெய் அவர் விரலில் வழிந்ததாம். அப்போதும் மேனேஜர் ப்ளக்கை மாற்றிவிட்டுப் பறக்கட்டும் என்றார், நீங்கள் முடியாது என்றீர்கள், பைலட்டும் ஏறமாட்டேன் என்றார். சிலிண்டரைக் கழற்றினபோது எண்ணெய் வழிக்கிற ரிங் துண்டு துண்டாக உடைந்திருந்ததையும், சிலிண்டர் சுவரில் விரல் நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்ததையும் சொன்னார். இன்னும் ஒரு நாள் பறந்திருந்தால் என்று ஆரம்பித்தவர், அத்தை கொண்டுவந்து வைத்த மோரை எடுத்துக் குடித்தார்.

எஞ்சினைக் காப்பாற்றியதற்கு மாலை போடாவிட்டாலும் போகிறது. நிலத்துக்காரர்கள் முன்னால் எதிர்த்துப் பேசினதாகச் சொல்லி உங்களை அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள் என்றார். பைலட் உங்களுக்காகப் பேசிப் பார்த்தாராம், எடுபடவில்லையாம். வேறு கம்பெனியில் சொல்லி வைத்திருக்கிறேன், நேரம் பிடிக்கும் என்றார். எப்படியும் போகட்டும்.

எனக்கு ஆத்திரம் எல்லாம் உங்கள் மேல்தான். வேலை போனால் மனிதன் வீட்டுக்கு வருவானா, விஜயவாடாவில் லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வானா. "ஊருக்கு எந்த மூஞ்சியோட போறது சார்" என்று பைலட்டிடம் கேட்டீர்களாம். எனக்கு அந்த ஒரு மூஞ்சிதான் தெரியும், அதோடு வந்தால் போதும். ஆவடியில் மனு வாங்குவதை முடித்துவிட்டார்கள் என்று லோகநாதன் அண்ணன் சொல்லிவிட்டுப் போனார். போனால் போகிறது. நான் அதைச் சொல்லிக் காட்டுவேன் என்று நினைத்து வராமல் இருக்கிறீர்களா. சொல்லிக் காட்ட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் அது பொய்யாகிவிடும், எப்போதாவது வாயில் வந்துவிடும். அதைக் கேட்பதற்காவது நீங்கள் வீட்டில் இருக்க வேண்டாமா.

இன்னொன்று. ராஜம்மா டெஸ்டிங் மெஷினுக்குப் போய்விட்டாள், அவள் மேஜை காலியாக இருக்கிறது. முதலாளி இரண்டு நாளாக என் பக்கத்தில் வந்து நின்று தொண்டையைச் செருமிவிட்டுப் போனார். நேற்று வாய் திறந்தார். மேக்னெட்டோ பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஆள் எங்கள் ஷெட்டில் இல்லை, அந்த வேலையை எல்லாம் பெங்களூருக்கு அனுப்புகிறோம். "உன் வீட்டுக்காரர் வருவாரா கேளு. கம்பெனி அளவுக்குச் சம்பளம் தர முடியாது. குறுக்கே நின்னாலும் வேலையை விட்டு அனுப்ப மாட்டேன்" என்றார். நான் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். பெண்டாட்டி மேஜைக்குப் பக்கத்து மேஜையில் உட்காருவது உங்களுக்குச் சரிப்படுமா என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டுமானால் நேரில்தான் கேட்க வேண்டும், கார்டில் நாலு வரி எனக்குப் போதாது.

அத்தை எழுதச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நைனா, நீ ஒண்ணும் தப்பு பண்ணலை. ஊட்டுக்கு வா." இதைச் சொல்லிவிட்டு, அழவில்லை, புகை என்றார்கள். கூரையை அடைத்துவிட்டேன். மழை விட்டிருக்கிறது. எஸ்டேட் ரோட்டில் பஸ் ஓடுகிறது.

வரும்போது கடைசி ரயிலைப் பிடித்து, இருட்டில் யார் கண்ணிலும் படாமல் சந்து வழியாக வராதீர்கள். பகலில் வாருங்கள். பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு குழாயடி வழியாகவே நடந்து வாருங்கள். எல்லோரும் பார்க்கட்டும், நானும் அங்கேதான் நிற்பேன்.

எல்லையம்மன் உங்களை ஒரு குறையும் இல்லாமல் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்
புஷ்பா.